தசையின் கால்சிய வாயில்கள்: மூட மறுத்தால் உயிருக்கு ஆபத்து

தசை உயிரணுக்களுக்குள் கால்சியத்தைச் சேமித்து வைக்கும் நுண்ணறைகள் உள்ளன. நரம்பின் சமிக்ஞை கிடைத்ததும் அவற்றின் வாயில்கள் திறக்கின்றன. வெளியேறும் கால்சியம் தசையைச் சுருங்கச் செய்கிறது. 'ரயனோடின் ஏற்பி' எனப்படும் புரதங்களே இந்த வாயில்கள். எலும்புத் தசையில் ஒரு வகையும் இதயத்தில் வேறொரு வகையும் செயற்படுகின்றன.

எலும்புத் தசை வாயிலில் பரம்பரைக் குறைபாடு உள்ளவர்களுக்கு, ஹாலோத்தேன் போன்ற மயக்க வாயுக்கள் அதனை மூடவிடாமல் செய்யக்கூடும். அப்போது தசைகள் இறுகி, உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் உயரும். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் கால் முறிந்த இளைஞர் ஒருவர், உறவினர் பத்துப் பேர் ஈதர் மயக்கத்தில் இறந்ததாகக் கூறி அச்சம் வெளியிட்டார். ஹாலோத்தேன் கொடுக்கப்பட்டபோது அவரும் ஆபத்தான நிலையை அடைந்தார். ஆயினும் உயிர் பிழைத்தார். மருத்துவர்கள் டென்பரோவும் லவ்வலும் 1960இல் இதனை 'லான்செட்' சஞ்சிகையில் பதிவு செய்தனர்.

கால்சியக் கசிவைத் தடுக்கும் டான்ட்ரோலீன் மருந்து, முன்னர் பெரும்பாலும் மரணத்தில் முடிந்த இந்நிலையை இன்று சிகிச்சைக்கு உட்பட்டதாக்கியுள்ளது.

இதய வாயிலின் குறைபாடோ, கடும் உடலுழைப்பின்போதோ மன அதிர்ச்சியின்போதோ இளவயதினரிடத்தும் இதயத்துடிப்பைத் திடீரென நிலைகுலையச் செய்யக்கூடும்.

முன்பு ஒருமுறை மயக்க மருந்து தீங்கின்றி முடிந்திருப்பது பாதுகாப்புக்கு உத்தரவாதமல்ல. எனவே குடும்பத்தில் எவரேனும் மயக்க மருந்தால் பாதிக்கப்பட்டிருந்தால், அறுவை சிகிச்சைக்கு முன்பே மருத்துவரிடம் தெரிவிப்பது அவசியமாகிறது.