மலையகத் தேயிலை: உற்பத்திக்கும் சேவைக்கும் இடையே

நாட்டுக்கு டொலர் கொண்டுவருவது எது என்று கேட்டால் தேயிலை என்று சொல்லியே பழகிவிட்டோம். 2024 இல் தேயிலை ஏற்றுமதி ஈட்டியது சுமார் 1.4 பில்லியன் டொலர். அதே ஆண்டில் சுற்றுலா ஏறத்தாழ 3.2 பில்லியனையும், வெளிநாடுகளில் வேலை செய்வோர் அனுப்பிய பணம் 6.6 பில்லியனையும் எட்டின.

தேயிலை தோட்டத்தில் விளைந்தாலும் கப்பலேறுவது தொழிற்சாலைப் பண்டம். ஒரு கிலோ தேயிலைக்கு ஏறக்குறைய நாலரை கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். அதை வாட்டி, உருட்டி, நொதிக்கவிட்டு, உலர்த்தி, சலித்துத் தரம் பிரிக்கும் வேலை ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவைப் பகுதித் தொழிற்சாலைகளிலேயே முடிகிறது. தரகு, ஏலம், கலவை, பொதியிடல், கப்பலேற்றல் என்று அதன்பின் வருபவை பெரும்பாலும் கொழும்பில். ஏலம் அங்கே 1883 முதல் நடக்கிறது. மலையகத்தில் மிஞ்சுவது நாட்சம்பளம். 2024 செப்டெம்பரில் அது, நீண்ட இழுபறிக்குப் பின், 1,350 ரூபாவானது.

துபாயில் தேயிலைத் தோட்டம் கிடையாது. ஆனாலும் 2005 முதல் அங்கு இயங்கும் தேயிலை மையம் பல நாட்டுத் தேயிலையைக் களஞ்சியப்படுத்தி, கலந்து, பொதிசெய்து மறுஏற்றுமதிக்கு அனுப்புகிறது. இங்கும் அப்படிச் செய்ய இறக்குமதியைத் தளர்த்துங்கள் என்று ஏற்றுமதியாளர்களில் ஒரு பகுதியினர் கேட்கிறார்கள். ‘சிலோன் டீ’யின் பெயர் கெடும் என்று உற்பத்தியாளர்கள் மறுக்கிறார்கள். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஆனால் கொழுந்து பறிப்பவரின் கூலி இந்த வாதத்தில் அரிதாகவே பேசப்படுகிறது.

1998 இல் கைச்சாத்தாகி 2000 இல் நடைமுறைக்கு வந்த இந்திய–இலங்கை சுதந்திர வர்த்தக உடன்படிக்கை பண்டங்களுக்கு மட்டுமானது. ஆண்டுக்கு 15 மில்லியன் கிலோ இலங்கைத் தேயிலைக்கு அதில் தீர்வைச் சலுகை உண்டு. இந்தியாவிலேயே தேயிலை மலிந்து கிடக்கும்போது அது பெரிய வாசலல்ல. சேவைகளையும் சேர்க்க முயன்ற ‘சீபா’ கைச்சாத்தாகவில்லை. ‘எட்கா’ பேச்சு 2016 இல் தொடங்கி இழுபடுகிறது.

மலையிலோ சேவைத்துறை ஏற்கெனவே வந்துவிட்டது. கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்தின் மூடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை இன்று நட்சத்திர ஹோட்டல். காசல்ரீ நீர்த்தேக்கத்தை அண்டிய துரைமார் பங்களாக்களிலும் உல்லாசப் பயணிகள் தங்குகிறார்கள். லயன் பிள்ளைகளுக்கு அங்கே சில வேலைகள் கிடைக்கின்றன. ஆனால் பெரும்பாலோர் போவது கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும்தான். பெண்கள் பலர் வளைகுடா வீடுகளுக்குப் போகிறார்கள். வன்னியிலும் இந்தக் கதை புதிதல்ல. 1977 வன்செயலுக்குப் பின் மலையிலிருந்து இறங்கி அங்கே குடியேறியவர்களின் பிள்ளைகளும் இன்று அதே விமானத்தில் ஏறுகிறார்கள்.

அப்பெண்கள் அனுப்பும் பணம் சென்மதி நிலுவைக் கணக்கில் சேவை ஏற்றுமதியாகப் பதியப்படுவதில்லை. அது தனிநபர் மாற்றல். எந்த வர்த்தக உடன்படிக்கையின் சேவை அத்தியாயமும் அவர்களைக் கருதி எழுதப்படவில்லை. அவர்கள் வேலை மாறுவதும் நாடு திரும்புவதும் பெரும்பாலும் கஃபாலா முறையின்கீழ் வேலைகொள்வோரின் கையில்.