சிறார் நடனமும் ஒளிப்பதிவும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆடற்கலை நிகழுங் கணத்திலேயே மறைவது. ஓவியமும் சிற்பமும் கலைஞன் மறைந்த பின்னரும் நிற்கும். இசைக்குச் சுரக்குறிப்பென ஒன்றுண்டு. ஆடலோ ஆடுவோர் மெய்யிலன்றிப் பிறிதோரிடத்தில் எளிதில் நிலைபெறுவதில்லை. இக்குறையை நீக்க முன்னோர் கல்லை நாடினர். தஞ்சைப் பெருங்கோயில் விமானத்தின் மேற்றளத்தில் நூற்றெட்டுக் கரணங்களுள் 81 செதுக்கப்பட்டுள்ளன. எஞ்சிய இடங்கள் வெறுங் கல்லாகவே நின்றுவிட்டன. தில்லைக் கோபுர வாயில்களில் நூற்றெட்டையுங் காணலாம். ஆயினும் கல் காட்டுவது ஒரு நிலையை மட்டுமே. அந்நிலையினின்று அடுத்த நிலைக்கு உடல் சென்ற வழியை அது காட்டாது. தாளத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டுவதில்லை. காரைநகர்த் திண்ணபுரத்துச் சிவன் கோயிலை ஈழத்துச் சிதம்பரமெனப் போற்றி, மார்கழித் திருவாதிரையிற் கூத்தப்பிரானைத் தரிசிக்கும் மக்கள் இதனை நன்கறிவர். தூக்கிய திருவடி ஓர் ஆட்டத்தின் நடுக்கணம். முன்னும் பின்னும் உள்ளவை அடியவர் உள்ளத்திலேயே நிகழ்கின்றன.

இனி, படப்பெட்டி தோன்றிய பின்னராயினும் இக்குறை தீர்ந்ததோ எனின், முற்றாகத் தீரவில்லை என்பதே விடை. 1925ஆம் ஆண்டில் காஞ்சிபுரத்திற் கோயிலொன்றில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் அரங்கேற்றம் நடைபெற்றது. நட்டுவனார் கந்தப்பப் பிள்ளையின் மாணவியாகிய அச்சிறுமியே பின்னாளில் உலகறிந்த தஞ்சாவூர் பாலசரஸ்வதி. பரதக்கலை வரலாற்றிலே தலைசிறந்த சிறார் அரங்கேற்றங்களுள் ஒன்றாகிய அது கண்டோர் நினைவோடு போயிற்று. 1935இற் கல்கத்தாவில் அவ்வம்மையாரின் ஆடலைக் கண்டிருந்த சத்தியஜித் ராய், 1976இலேயே அவரைப் பற்றிய குறும்படத்தை எடுத்து முடித்தார். அப்போது அம்மையாருக்கு வயது ஐம்பத்தெட்டு. அரங்கேற்றத்தன்று கட்டிய அதே சலங்கையைக் கட்டி அவர் அப்படத்தில் ஆடினார் என்பர். சலங்கை ஐம்பது ஆண்டு நிலைத்தது. அச்சலங்கை ஒலித்த முதல் ஆட்டம் நிலைக்கவில்லை.

பதிவு செய்ய முயன்றோர் ஒருவரும் இலர் என்றல் பொருந்தாது. ஒல்லாந்த அறிஞர் ஆர்னல்ட் பேக் 1938, 1939ஆம் ஆண்டுகளில் தென்னிந்தியாவெங்குஞ் சென்று இசையையும் ஆடலையும் பதிந்தார். அவர் கொண்டுசென்ற படப்பெட்டி ஒலியற்றது; ஒலியைப் பிறிதொரு கருவியிலே பதிந்தார். கால் ஒரு சுருளிலும் தாளம் வேறொரு நாடாவிலுமாகப் பிரிந்தன. நடனப் பதிவின் வரலாறு முழுவதும் இப்பிரிவின் வரலாறே எனலாம்.

யாழ்ப்பாணத்து நிலை வேறு. 1931இல் தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபை தரந்தோறும் பரீட்சை நடத்திக் கலைக்கல்விக்கு ஒழுங்கு தந்தது; கொக்குவில் ஏரம்பு சுப்பையா முதலிய ஆசிரியர்கள் மாணாக்கரைப் பயிற்றினர்; மருதனார்மடத்து இராமநாதன் இசைக்கல்லூரி 1960இல் எழுந்தது. நடனம் இவ்வாறு ஊர்தோறும் பள்ளிமேடை ஏறிற்று. பதிவோ வாழ்த்துமடலில் அச்சிடப்பட்ட ஒரு நிழற்படத்தோடு அமைந்தது. 1976இல், ராயின் படம் முடிந்த அதே ஆண்டில், யப்பானில் வீ.எச்.எஸ். நாடா விற்பனைக்கு வந்தது. இலங்கையில் 1979இலே தொலைக்காட்சி தொடங்கிற்று. எண்பதுகளிற் கலியாண வீடுகளுக்கு வந்த வீடியோக் கமரா பள்ளி விழாக்களுக்கும் வந்தது. அது வேரூன்றுமுன் போர் மூண்டது. 1990இற் குடாநாட்டிற்கு மின்சாரம் நின்றது. 1991இற் காரைநகர் மக்கள் ஊரைவிட்டு வெளியேறினர். எடுத்துச் செல்லப்பட்ட பொருள்களுள் ஒளிநாடாவிற்கு முதலிடம் இருந்திராது; இருந்திருக்கவும் நியாயமில்லை.

புலம்பெயர்ந்தோர் வாழ்வில் ஒரு வேடிக்கை நேர்ந்தது. இலண்டனிற் பேத்தியின் அரங்கேற்றம் நடந்தால் நாடா ஊருக்கு வரும். மின்பிறப்பாக்கி வாடகைக்கு எடுத்து அயலவர் கூடிப் பார்ப்பர். இலங்கையும் இங்கிலாந்தும் பயன்படுத்தியது 'பால்' முறை, ஆதலின் இடரில்லை. கனடாவிலோ 'என்.ரி.எஸ்.சி.', பிரான்சில் 'செக்கம்'. ரொறன்ரோவிலிருந்து வந்த நாடாவைச் செருகினால், பலமுறைக் கருவி இல்லாத வீட்டிலே திரையிற் கோடுகளே ஓடும். பாரிசிலிருந்து வந்ததோ பட்டாடையின் நிறம் இழந்து கறுப்பு வெள்ளையில் ஆடும். ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று நாடுகளில் ஒரே அலாரிப்பை ஆட, மூன்றையும் பார்க்க அப்பாச்சிக்கு ஒரு பெட்டி போதவில்லை.

இன்று அவ்விடர் நீங்கிற்று. அகில இலங்கைத் தமிழ்த்தினப் போட்டியாயினும் வாணி விழாவாயினும் கைத்தொலைபேசி ஏந்தாத பெற்றோர் அரியர். பதிவுகள் பல்கின, நற்பதிவு பல்கவில்லை. தாய் தன் பிள்ளையின் முகத்தை நாடுவாள். கமராவும் முகத்தை நெருங்கும். அவ்வேளையிற் பாதம் சட்டத்துக்கு வெளியே போய்விடும். அரைமண்டி எவ்வளவு தாழ்ந்தது, குதி நிலத்திற் பட்டதா, தீர்மானம் தாளத்தில் வந்து விழுந்ததா என்பனவே ஆசிரியர் காண விரும்புவன. அவை ஒன்றும் அப்பதிவில் இரா. தாயன்பிற் குற்றமில்லை, ஆயின் ஒரு பதிவு பிற்காலத்தாருக்குச் சான்றாக வேண்டுமெனில், உச்சி முதல் உள்ளங்கால் வரை சட்டத்துள் நிற்றல் வேண்டும். அதற்குக் கமரா மண்டபத்தின் நடுவே, ஆடுவோர் இடுப்பளவு உயரத்தில், முக்காலியில் அசையாது இருத்தல் நன்று. தாழ இருந்து எடுப்போருக்குக் குத்துவிளக்கும் முன்வரிசைத் தலைகளும் பாதத்தை மறைக்கும். கருந்திரையின் முன் ஆடும்போது கருவி தானே ஒளியைக் கூட்டிக்கொள்ளுதலால், முகப்பூச்சு வெண்மையாய் வெளிறிக் கண்ணசைவு அழியும். ஒளியளவைக் கையாலே நிறுத்திவைத்தால் அபிநயம் தப்பும்.

ஒலியின் செய்தி இதனினும் நுட்பமானது. ஒலி ஒரு செக்கனில் ஏறக்குறைய 340 மீற்றர் செல்லும். மேடையிலிருந்து 17 மீற்றர் தொலைவிலுள்ள கமரா தட்டுக்கழியின் ஓசையைச் செக்கனின் இருபதிலொரு பங்கு பிந்தியே கேட்கின்றது. பால் முறை வீடியோவில் ஒரு செக்கனுக்கு 25 படங்கள். எனவே கால் ஒரு படத்தில் விழ, தாளம் அடுத்ததையும் தாண்டி வரும். நிமிடத்துக்கு 75 அட்சரம் செல்லும் நடையில், மூன்றாங்காலத்திலே அட்சரத்துக்கு நான்கு மிதியாக, ஒரு மிதிக்கும் மறுமிதிக்கும் இடைவெளி செக்கனின் ஐந்திலொன்று. அதிற் காற்பங்கு பிந்தினால், தாளந் தவறாது ஆடிய பிள்ளை முந்துகின்றவள்போற் பதிவாகிவிடுவாள். பரீட்சைக்கு அனுப்பும் பதிவாயின் இது சிறு தீங்கன்று. ஒலிபெருக்கிக் கருவியிலிருந்தே பாட்டையும் நட்டுவாங்கத்தையும் நேரே எடுத்து, சலங்கைக்கென மேடை விளிம்பில் ஓர் ஒலிவாங்கி வைத்து, இரண்டையும் படத்தோடு பின்னர் இணைத்தால் இக்குறை தீரும். பேக் இரண்டாகப் பதிந்தது கருவியின் வறுமையால். இன்று இரண்டாகப் பதிவது தாளத்தைக் காப்பதற்காக.

பழைய நாடாக்களின் நிலை இரங்கத்தக்கது. உப்புக்காற்றும் மாரிக்கால ஈரமும் உள்ள தீவுப்புறத்தில் நாடாவிற் பூஞ்சணம் எளிதிற் பற்றும். பற்றியதை அவ்வாறே ஓட்டினால் கருவியின் தலையும் கெடும், நாடாவும் கெடும். வீ.எச்.எஸ். கருவிகளைக் கடைசிவரை உற்பத்தி செய்த யப்பானிய நிறுவனமாகிய பூனாய் 2016 யூலையில் அவ்வுற்பத்தியை நிறுத்திவிட்டது. இனி அந்நாடாக்களை ஓட்ட எஞ்சியிருப்பவை வீடுகளிலும் திருத்தகங்களிலும் பழுதாகாது கிடக்கும் பழைய பெட்டிகளே. அவற்றின் தொகையோ ஆண்டுதோறுங் குறைகின்றது.