“கொம்பிரசர் எரிஞ்சு போச்சு” என்று சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள்

கிளிநொச்சியில் இருக்கும் சித்தி ஒருநாள் காலையில் தொலைபேசியில் அழைத்தார்.

“தம்பி, பிரிட்ஜ் நேற்றுப் பின்னேரத்திலயிருந்து குளிருதில்லை. பாக்க வந்தவர் கொம்பிரசர் எரிஞ்சு போச்சு, மாத்தவேணும் எண்டு சொல்லிப்போட்டுப் போறார். அந்தக் காசுக்கு நான் எங்க போறது?”

சித்தப்பா இல்லாத வீடு அது. மீள்குடியேறிய பிறகு தவணை முறையில் வாங்கிய பெட்டி. அதில் ஐஸ் பக்கற் உறைய வைத்து, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்கு விற்பார். அவருடைய இன்சுலினும் அதற்குள்தான் இருக்கிறது. “இன்சுலினை முதலில பக்கத்து வீட்டுப் பிரிட்ஜில குடுத்து வையுங்கோ, நான் வாறன்” என்றேன்.

நான் மின்வேலை படித்தவனல்ல. படித்தது ஊடகக் கற்கை. ஆனால் யாழ்ப்பாணத்தில் நீண்டகாலமாகக் குளிர்சாதனப் பெட்டி திருத்தும் அண்ணர் ஒருவரின் பட்டறையில் இருந்து பார்த்துப் பழகியிருக்கிறேன். அன்று சித்தி வீட்டில் பழுதாகியிருந்தது கொம்பிரசர் அல்ல. அதன் பக்கவாட்டில் செருகியிருக்கும், தீப்பெட்டியளவான ஸ்டார்ட் ரிலே. அதன் விலை கொம்பிரசர் விலையில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

ரிலே என்ன செய்கிறது?

கொம்பிரசருக்குள் இரண்டு சுருள்கள் உண்டு. ஒன்று எந்நேரமும் ஓட்டுவது. மற்றது தொடக்கத்தில் மட்டும் உந்திவிடுவது. உந்தும் சுருளுக்கு ஓரிரு விநாடி மின்னைக் கொடுத்துவிட்டு நிறுத்துவதுதான் ரிலேயின் வேலை. இப்போதைய பெட்டிகள் பலவற்றில் ரிலேக்குள் நாணயம் போன்ற ஒரு பீங்கான் வில்லை இருக்கிறது. ஆறியிருக்கும்போது அது மின்னைத் தாராளமாக விடும். சூடேறியதும் அதன் தடை பல ஆயிரம் ஓமாக உயர்ந்து, மின்னை ஏறத்தாழ நிறுத்திவிடும். இந்த வில்லை உடைந்தாலோ கருகினாலோ கொம்பிரசர் தொடங்காது.

எப்படி அடையாளம் காண்பது?

கதவைத் திறந்தால் விளக்கு எரியும், ஆனால் உள்ளே குளிர் இருக்காது. பின்பக்கம் காதைக் கொடுத்தால் சில விநாடி ‘உம்’ என்ற உறுமல், பிறகு ‘டிக்’ என்ற சத்தம், பின் அமைதி. சில நிமிடங்களில் மறுபடி அதே உறுமல், அதே ‘டிக்’. கொம்பிரசர் தொடங்க முயன்று முடியாமல் சூடாக, ஓவர்லோட் எனும் பாதுகாப்புக் கருவி மின்னைத் துண்டிக்கும் சத்தம் அது. கொம்பிரசர் சீராக ஓடியும் குளிரவில்லை என்றால் ரிலேயில் பிழையில்லை, வாயு குறைந்திருக்கலாம். அதைத் தெரிந்தவர்தான் பார்க்கவேண்டும்.

மின்னழுத்தம் 230 வோல்ற்றிலிருந்து வெகுவாக இறங்கினாலும் இதே ‘டிக்’ கேட்கும். எனவே நீட்டு வயரைத் தவிர்த்து, சுவர்ப் பிளக்கில் நேரடியாகக் கொடுத்து முதலில் பாருங்கள்.

கழற்றுவதற்கு முன்

பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். சுவிட்சை மட்டும் நிறுத்துவது போதாது. கதவு, யன்னல்களைத் திறந்து வையுங்கள். பெட்டியின் விபரத் தகட்டில் ஆர் 600ஏ என்றிருந்தால் உள்ளே இருப்பது தீப்பற்றும் வாயு. பக்கத்தில் நெருப்பு வேண்டாம். குழாய்களை வெட்டவோ சூடாக்கவோ கூடாது. ‘இன்வேட்டர்’ என்று எழுதியிருந்தால் இந்த முறை பொருந்தாது. அதில் ரிலேக்குப் பதில் இலத்திரனியல் பலகை இருக்கும், கை வைக்காதீர்கள்.

கொம்பிரசர் என்பது பெட்டியின் பின்பக்க அடியில் உள்ள கறுப்பு உருண்டை. சூடு ஆறியபின் அதன் பக்கத்திலுள்ள பிளாஸ்ரிக் மூடியை, பூட்டுக் கம்பியை நெம்பிக் கழற்றுங்கள். எந்த வயர் எங்கே என்று கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கப்பாசிற்றர் இருந்தால் அதன் முனைகளைத் தொடவேண்டாம். மின் கழற்றிய பின்னும் அதில் மின் தேங்கியிருக்கும். பழைய குண்டு மின்குமிழ் ஒன்றின் இரு வயர்களை அந்த முனைகளில் சில விநாடி பிடித்து, தேங்கியதை இறக்கிவிடுங்கள். பிறகு ரிலேயை நேராக வெளியே இழுங்கள்.

சோதனை

ரிலேயைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே கலகலத்தால் வில்லை உடைந்துவிட்டது. கருகிய மணமும் சாட்சிதான். சித்தி வீட்டு ரிலே சில்லறை போட்ட உண்டியல் போலச் சத்தமிட்டது.

சத்தம் இல்லாவிட்டாலும் மல்ரிமீற்றரால் பாருங்கள். ஆறிய வில்லையின் இரு பக்கத்துக்கும் இடையே சில ஓமிலிருந்து சில பத்து ஓம் வரை காட்டவேண்டும். தொடர்பே இல்லை என்றால் ரிலே செத்துவிட்டது. பழைய பெட்டிகளில் வரும் கம்பிச் சுருள் ரிலே வேறு வகை. அதற்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. ஓவர்லோட்டையும் அளந்து பாருங்கள். ஆறிய நிலையில் அது பூச்சியத்துக்கு அருகில் காட்டவேண்டும்.

அடுத்ததாகக் கொம்பிரசரின் மூன்று ஊசிகள். இரண்டிரண்டாக மூன்று முறை அளந்தால் மூன்று எண்கள் வரும். சிறிய இரண்டின் கூட்டுத்தொகை பெரியதற்குச் சமமாக இருக்கவேண்டும். உதாரணமாக 12, 18 என்றால் மூன்றாவது 30. பிறகு பெயின்ற் சுரண்டிய ஓரிடத்தில் ஒரு முனையை வைத்து, ஒவ்வோர் ஊசிக்கும் உடலுக்கும் இடையே பாருங்கள். எந்தத் தொடர்பும் காட்டக்கூடாது. காட்டினால், அல்லது ஏதாவது இரு ஊசிகளுக்கிடையே தொடர்பு அறுந்திருந்தால், கொம்பிரசர் உண்மையாகவே போய்விட்டது. திரும்பப் பிளக்கில் கொடுக்காதீர்கள். சித்தியுடைய கொம்பிரசரின் சுருள்கள் சுகமாக இருந்தன.

மாற்றுவது

பழைய ரிலேயைக் கையில் கொண்டே கடைக்குப் போங்கள். அதிலும் கொம்பிரசரிலும் உள்ள இலக்கங்களைக் காட்டி அதே வகையை வாங்குங்கள். ‘எல்லாத்துக்கும் பொருந்தும்’ என்று தருவதை வாங்கவேண்டாம். படத்தைப் பார்த்து வயர்களைப் பழையபடி இணைத்து, ரிலேயை ஊசிகளில் இறுகச் செருகி, மூடியையும் கம்பியையும் பூட்டியபின் மின்னைக் கொடுங்கள். ஓரிரு விநாடியில் கொம்பிரசர் சீராக ஓடத் தொடங்கவேண்டும். மறுபடியும் ‘டிக்’ என்றால் உடனே பிளக்கைக் கழற்றுங்கள். கொம்பிரசர் உள்ளே இறுகியிருக்கக்கூடும்.

மின்வெட்டும் ரிலேயும்

2022 இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றதை மறந்திருக்கமாட்டோம். மின் நின்று சட்டென வந்தால் வில்லை ஆறியிருக்காது; கொம்பிரசருக்குள் அழுத்தமும் இறங்கியிருக்காது. அந்த நேரத்தில் அது தொடங்கத் திணறும். அடிக்கடி இப்படி நடந்தால் ரிலேயின் ஆயுள் குறையும். மின் போனதும் பிளக்கைக் கழற்றி, வந்து ஐந்து நிமிடம் கழித்துக் கொடுங்கள்.

திருத்த வருகிறவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர் அல்லர். ஆனால் கணவரில்லாத வீடு, தனித்திருக்கும் முதியவர் என்று தெரிந்தால் சோதிக்காமலே பெரிய செலவைச் சொல்லிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட சனம் நாங்கள். நீங்களே கழற்றத் தயங்கினால், வருகிறவரிடம் இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள்: “ரிலேயைக் கழற்றிப் பாத்தனீங்களா? மூன்று ஊசியிலயும் எத்தனை ஓம் காட்டுது?” பதில் சொல்லத் தெரியாதவரிடம் கொம்பிரசருக்கு முற்பணம் கொடுக்காதீர்கள்.

சித்தி அந்தப் பழைய ரிலேயை எறியவில்லை. போன கிழமை போனபோது பக்கத்து வீட்டு அக்காவின் காதருகே அதைக் குலுக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.