சனிக்கிழமை மத்தியானமும் ஒரு கோப்பை ஆட்டமும்

1972 பிப்ரவரி 5, சனிக்கிழமை. வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஹெர்ஃபோர்ட் நகரத்தின் எட்கர் ஸ்ட்ரீட் மைதானம் நாள்கணக்கில் பெய்த மழையில் ஊறி, நடவுக்கு உழுத வயலைப் போலச் சேறாகிக் கிடந்தது. எஃப்.ஏ. கோப்பையின் மூன்றாம் சுற்று ஆட்டம் அது. ஒரு பக்கம் முதல் டிவிஷனில் ஆடும் நியூகாசில் யுனைடெட். எதிர்ப்பக்கம் தேசிய லீக்கில் இடமே இல்லாத ஹெர்ஃபோர்ட் யுனைடெட். ஜனவரி 24 அன்று நியூகாசிலில் நடந்த முதல் ஆட்டம் 2-2 என்று முடிந்ததால் இது மறு ஆட்டம். 82ஆவது நிமிடத்தில் மால்கம் மெக்டொனால்டு நியூகாசிலுக்கு ஒரு கோல் போட்டார். கதை முடிந்தது என்று நினைக்கும் வேளையில், தச்சுத் தொழில் தெரிந்த ரோனி ராட்ஃபோர்ட் ஏறத்தாழ முப்பது கஜத்துக்கு அப்பாலிருந்து அடித்த பந்து வலையின் மேல்மூலைக்குள் போய் விழுந்தது. பார்க்கா கோட்டு போட்ட பொடியன்கள் கூட்டங்கூட்டமாக மைதானத்துக்குள் ஓடினார்கள். கூடுதல் நேரத்தில் ரிக்கி ஜார்ஜ் இன்னொரு கோல் போட, ஹெர்ஃபோர்ட் 2-1 என்று வென்றது.

அன்று ஓடிய பொடியன்களுக்கு இப்போது அறுபது வயதுக்கு மேல். அந்த நாளைப் பற்றி அவர்கள் சொன்னதும் எழுதியதும் இங்கிலாந்துக் கால்பந்து வரலாற்றில் ஒரு தனிப் பிரிவாகவே சேர்ந்துவிட்டது. சேறு, குளிர், அப்பாவின் தோள், மின்கம்பத்தில் ஏறி உட்கார்ந்தவர்கள் என்று விவரம் விவரமாகச் சொல்கிறார்கள். இந்த நினைவுகளை ஆதாரமாக வைத்து நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஓர் ஆட்டம் ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் மனதில் தங்க எது வேண்டும்? ஆட்டம் நன்றாக இருக்க வேண்டும் என்பது மட்டும் பதிலானால், கொங்கு நாட்டில் அப்படிப்பட்ட நினைவுகள் எவ்வளவோ இருந்திருக்க வேண்டும். அவினாசிக்கு வடக்கே சேவூரிலிருந்து பஸ் ஏறிப் போய்த் திரும்பும் தொலைவில், கோவை நேரு ஸ்டேடியத்தில், இந்தியக் கால்பந்தின் பெரிய நாட்கள் இரண்டு வந்து போயிருக்கின்றன. இரண்டும் இங்கே ஊர் நினைவாகத் தங்கவில்லை. காரணம் ரசனையில் இல்லை, வேலை நேரத்தில் இருக்கிறது என்பதே என் வாதம்.

இங்கிலாந்தில் கால்பந்து ஆட்டம் ஏன் சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குத் தொடங்குகிறது என்று பார்த்தால் விஷயம் பிடிபடும். 1850ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், நெசவாலைகளில் பெண்களும் இளவயதினரும் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்றது. அவர்கள் நின்றால் தறியும் நிற்கும். ஆகவே ஆலையே நின்றது. இரண்டு மணிக்குச் சங்கு ஊதினால் மூன்று மணிக்கு மைதானம் நிறையும். லங்காஷயரின் பஞ்சாலை ஊர்களில் இந்த அரைநாள் விடுப்பிலிருந்துதான் கால்பந்து தொழிலாளர்களின் ஆட்டமாயிற்று. 1883இல் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் சீமான் வீட்டுப் பிள்ளைகளின் ஓல்டு ஈட்டோனியன்ஸ் அணியைப் பிளாக்பர்ன் ஒலிம்பிக் வென்றது. வென்ற அணியில் நெசவாளிகளும் நூற்பாளர்களும் இருந்தார்கள். 1888இல் கால்பந்து லீக் தொடங்கியபோது இருந்த பன்னிரண்டு கிளப்களில் ஆறு லங்காஷயரைச் சேர்ந்தவை. பிளாக்பர்ன், பர்ன்லி, போல்ட்டன், பிரெஸ்டன், அக்ரிங்டன் என்று நீளும் அந்தப் பட்டியலை நம் பக்கத்துப் பெயர்களால் சொன்னால் சோமனூர், பல்லடம், அவினாசி, திருப்பூர். ஹெர்ஃபோர்ட் நெசவு ஊர் இல்லைதான். மாட்டுச் சந்தைக்கும் ஆப்பிள் மதுவுக்கும் பேர்போன ஊர். ஆனால் நெசவு ஊர்கள் உண்டாக்கிய சனிக்கிழமை வழக்கம் அதற்குள் நாடு முழுவதற்கும் சொந்தமாகியிருந்தது. அந்த மறு ஆட்டம் வாரத்தின் நடுவில் நடக்க வேண்டியது; மழை அதைத் தள்ளித் தள்ளிச் சனிக்கிழமையில் கொண்டுவந்து நிறுத்தியது. அப்பாவுக்கும் பிள்ளைக்கும் ஒரே நாளில் ஓய்வு கிடைத்தது. அப்பாவின் தோள் அந்த நினைவுகளில் இடம்பிடித்தது அப்படித்தான்.

நமக்கு இன்னும் நெருங்கிய சான்று எர்ணாகுளத்தில் இருக்கிறது. 1973 டிசம்பர் 27 அன்று மகாராஜாஸ் கல்லூரி மைதானத்தில் சந்தோஷ் கோப்பை இறுதியாட்டம். கேரளம் ரயில்வே அணியை 3-2 என்று வென்றது. மூன்று கோலும் அணித்தலைவர் மணி போட்டவை. கேரள மாநிலம் உருவாகிப் பதினேழு ஆண்டுகள் கழித்து வந்த முதல் சந்தோஷ் கோப்பை அது. 2017இல் இறக்கும்வரை அவர் ‘கேப்டன் மணி’ என்றே அழைக்கப்பட்டார். இறுதியாட்டம் நடந்தது வியாழக்கிழமை. ஆனாலும் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறை. மாநிலத்தில் அப்போது தொலைக்காட்சி கிடையாது. மைதானத்துக்கு வர முடியாதவர்களுக்கு வானொலியும் மறுநாள் பத்திரிகையும்தான். தேநீர்க் கடை ரேடியோவைச் சுற்றி நிற்க ஒரு பிள்ளைக்கு நேரம் இருந்தது. அந்தத் தலைமுறை இன்றும் ஒவ்வொரு டிசம்பரிலும் அந்த ஆட்டத்தைப் பேசிக்கொண்டிருக்கிறது.

இனி நம் பக்கம். 1992இல் சந்தோஷ் கோப்பை இறுதியாட்டம் கோவையில் நடந்தது. வி.பி. சத்யன் தலைமையில் கேரளம் கோவாவை 3-0 என்று வென்றது. அந்த ஆட்டத்தைப் பற்றிய நினைவுகள் இன்று மலையாளத்தில் கிடைக்கின்றன. பாலக்காட்டுக் கணவாய் தாண்டி வந்து பார்த்துப் போனவர்களின் நினைவுகள் அவை. ஆட்டம் நடந்தது நம் மண்ணில், நினைவு போய்ச் சேர்ந்தது அவர்களிடம். அந்த ஆண்டுகளில் திருப்பூர் என்ன செய்துகொண்டிருந்தது? 1978இல் இத்தாலியிலிருந்து வெரோனா என்ற வியாபாரி வந்து டி-ஷர்ட் வாங்கிப் போனதில் ஆரம்பித்த ஏற்றுமதி, ஊரையே இரவும் பகலும் ஓட வைத்திருந்தது. இங்கே சனிக்கிழமை என்றால் சம்பள நாள். வாரக்கூலியைக் கையில் வாங்காமல் யாரும் கம்பெனியை விட்டுக் கிளம்ப மாட்டார்கள். சரக்கு அனுப்பும் அவசரம் இருந்தால் அன்றுதான் ஒன்றரை ஷிப்ட், இரண்டு ஷிப்ட் நீளும். லங்காஷயரில் மைதானத்தைத் திறந்துவிட்ட அதே கிழமை, இங்கே அதைப் பூட்டியது. பிள்ளைகளும் வீட்டில் இல்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பனியன் கம்பெனிகளில் கைமடிக்கவும் பிசிறு வெட்டவும் ஆயிரக்கணக்கான சிறுவர் சிறுமியர் இருந்தது ஆய்வாளர்கள் பலர் எழுதிய விஷயம். சேவூர் போன்ற மானாவாரி ஊர்களில் கடலைக்காயை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்து ஏலத்தில் போட்டுவிட்டால், அடுத்த மழைவரை வீட்டை ஓட்டுவது கம்பெனிக் கூலிதான். விடியற்காலையில் கம்பெனி வண்டி ஏறி, இருட்டியபின் இறங்கும் பிள்ளைக்கு நினைவில் வைக்க எந்த ஆட்டம் இருக்கும்?

கால்பந்தே நம் ஆட்டமில்லையே, கபடியும் கிரிக்கெட்டும் இருக்கும்போது இதற்கு ஏன் ஏங்குவது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் தமிழருக்குக் கால்பந்து ஒட்டாது என்பது பொய். ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர்களில் ஒருவராக எண்ணப்பட்ட பீட்டர் தங்கராஜ் தமிழர். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இருந்தவர். குமரி மாவட்டத்துத் தூத்தூர்க் கடற்கரையும் வடசென்னை வியாசர்பாடியும் கால்பந்திலேயே வளர்ந்த இடங்கள். கொங்கு ஊர்களின் கோப்பைப் போட்டிகளைக் கவனித்தாலும் என் வாதத்துக்குத்தான் பலம் சேர்கிறது. கபடியானாலும் டென்னிஸ் பந்துக் கிரிக்கெட்டானாலும் அவை பொங்கலை ஒட்டியோ ஞாயிற்றுக்கிழமையிலோதான் நடக்கின்றன. கம்பெனி மூடியிருக்கும் நாளே இங்கே ஆட்ட நாள். சுழற்கோப்பைகளைப் பற்றிய சிறுவயது நினைவு இந்தப் பக்கத்தில் யாரிடமாவது இருந்தால், அது பெரும்பாலும் தை மாத நினைவாக இருப்பது தற்செயல் இல்லை.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கனமானது. சிறுவயது நினைவு பிழைபடக்கூடியது, அதை வைத்து வரலாறு எழுதலாமா? ஹெர்ஃபோர்டே இதற்குச் சாட்சி. அன்று பதிவான பார்வையாளர் 14,313 பேர். நான் அங்கே இருந்தேன் என்பவர்களையெல்லாம் கூட்டினால் அந்த எண்ணிக்கைக்குள் அடங்காது. வெற்றி கோல் போட்டவர் ராட்ஃபோர்ட் என்றே பலர் நம்புகிறார்கள். போட்டவர் ரிக்கி ஜார்ஜ். ராட்ஃபோர்டின் கோலைப் பி.பி.சி. ஆண்டுதோறும் திரும்பத் திரும்பக் காட்டியதில், நேரில் கண்டதும் திரையில் கண்டதும் கலந்துவிட்டன. ஆனால் கோல் கணக்குக்கு யாரும் நினைவை நம்பியிருக்கவில்லை, அதற்குப் பத்திரிகை இருக்கிறது. ஒரு பிள்ளை யாரோடு போனது, போக எப்படி நேரம் கிடைத்தது, அன்று வீட்டில் யார் வேலைக்குப் போகவில்லை என்பதைப் பத்திரிகை எழுதாது. அதற்கு நினைவைவிட்டால் வேறு ஆதாரம் இல்லை. திருப்பூரின் பழைய சனிக்கிழமைகளைப் பற்றி ஏற்றுமதிக் கணக்கு எதையும் சொல்லப்போவதில்லை.

வேலை நேரம் மட்டுமே காரணம் என்று நான் சாதிக்கவில்லை. 2019 மார்ச் 9 அன்று அதே நேரு ஸ்டேடியத்தில் ஐ-லீக்கின் கடைசி ஆட்டம். சென்னை சிட்டி அணி மினர்வா பஞ்சாபிடம் முதல் கோலை வாங்கிக்கொண்டு, பின் பெட்ரோ மான்சி போட்ட பெனால்டியாலும் கௌரவ் போராவின் இரண்டு கோல்களாலும் 3-1 என்று வென்றது. 43 புள்ளிகளுடன், ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஈஸ்ட் பெங்காலைத் தாண்டி இந்தியச் சாம்பியன் ஆனது. அப்போது சிறுவர் தொழில் பெருமளவு குறைந்திருந்தது. பிள்ளைகள் பள்ளியில் இருந்தார்கள். ஆனால் கிளப்பின் பெயரோ சென்னையுடையது. 2020-21 பருவத்தில் தொற்றுக் காரணமாக ஆட்டங்கள் எல்லாம் கொல்கத்தா பக்கம் போயின. அதற்கடுத்த ஐ-லீக்கில் கிளப்பே இல்லை. ஹெர்ஃபோர்ட் யுனைடெட்டும் 2014 டிசம்பரில் கலைக்கப்பட்டது. அங்கே ரசிகர்கள் கூடிப் புதிய கிளப்பை உண்டாக்கி, 2015இலேயே எட்கர் ஸ்ட்ரீட்டில் ஆட வைத்தார்கள். 1972இல் மைதானத்துக்குள் ஓடிய தலைமுறைக்கு அப்போது ஐம்பது வயதுக்கு மேல், கிளப் அவர்களுக்கு வேண்டியிருந்தது. கோவையில் அப்படி வேண்டும் என்று கேட்கும் தலைமுறை உருவாகச் சில பருவங்கள் போதவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2019 மார்ச் 9 என்ன கிழமை என்று நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்தால், அதுவும் ஒரு சனிக்கிழமை. ஆட்டம் மாலையில். அந்த நேரத்தில் அவினாசியிலும் சேவூரிலும் பெரும்பாலான அப்பா அம்மாக்கள் சம்பளத்துக்காகக் கம்பெனியில் காத்திருந்தார்கள். கோவைக்குக் கூட்டிப் போக வீட்டில் ஆள் இல்லை. அன்று பத்து வயதாக இருந்தவர்கள் இன்னும் இளைஞர்கள். போனவர்களையும் போக முடியாதவர்களையும் இப்போதே கேட்டு எழுதி வைக்க முடியும்.