குறட்டையும் பாரிசவாதமும்



குறட்டை விட்டு உறங்குபவரைக் கண்டால் நமக்குச் சிரிப்பு வருகிறது. அயர்ந்து தூங்குகிறார் என்கிறோம். ஆனால் அந்தக் குறட்டை சட்டென நின்று, சற்று நேரம் மூச்சே இல்லாமல், பிறகு திணறலோடு தொடங்குமானால் அது நல்ல உறக்கமன்று. மருத்துவ உலகம் இதனை உணர்ந்த வரலாற்றை இன்று காண்போம்.

1836-ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கிய ‘பிக்விக் பேப்பர்ஸ்’ என்னும் நாவலில், எப்போதும் தூங்கி வழியும் ஜோ என்ற பருத்த பையனைச் சார்ல்ஸ் டிக்கன்ஸ் படைத்தார். வாசகர்கள் நகைத்தனர். 120 ஆண்டுகள் கழித்து, 1956-இல், உடற்பருமனும் பகல் தூக்கமும் கொண்ட நோயாளி ஒருவரை ஆராய்ந்த அமெரிக்க மருத்துவர்கள், அந்நோய்க்குப் பிக்விக்கின் பெயரையே சூட்டினர். 1965-இல் பிரான்சிலும் ஜெர்மனியிலும் ஆய்வாளர்கள் உறங்குவோரின் மூச்சைக் கருவிகளால் பதிவு செய்தபோதுதான், அது மீண்டும் மீண்டும் நின்றுபோவது வெளிப்பட்டது.

உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து காற்றுவழியை அடைக்கின்றன. 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்கிறது. இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூளை திடுக்கிட்டு விழிக்க, இரத்த அழுத்தம் எகிறுகிறது. கடுமையான நோயில் மணிக்கு 30 முறைக்கு மேல் இவ்வாறு நேரும். நாளடைவில் இரத்தக் குழாய்கள் கெடுகின்றன. இதயத் துடிப்பும் ஒழுங்கு தவறக்கூடும். பக்கவாதம் எனப்படும் பாரிசவாதத்திற்கு இவையே வழி திறக்கின்றன.

முன்பு தொண்டையில் துளையிடுவதே இதற்குச் சிகிச்சையாக இருந்தது. ஆஸ்திரேலிய மருத்துவர் கொலின் சலிவன், மூக்கின்வழி காற்றைச் செலுத்திக் காற்றுவழியைத் திறந்து வைக்கும் முறையை 1981-இல் வெளியிட்டார்.

2005-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் 1,022 பேரை ஆராய்ந்து, இந்நோயுள்ளவர்களுக்குப் பாரிசவாதமோ மரணமோ நேரும் அபாயம் ஏறத்தாழ இருமடங்கு என்று அறிவித்தனர். இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் ஆகியவற்றைக் கணக்கிற் கொண்ட பிறகும் இம்முடிவு மாறவில்லை. எனினும், ஏற்கெனவே இதயநோயோ மூளை இரத்தக்குழாய் நோயோ உடைய 2,717 பேரிடம் நடத்திய ஆய்வு 2016-இல் வெளியானபோது, காற்றுக் கருவி பாரிசவாதத்தைக் குறைத்ததாகத் தெரியவில்லை. அவர்கள் இரவில் சராசரியாக 3 மணி நேரத்திற்குச் சற்று அதிகமாகவே அதை அணிந்திருந்தனர். ஆனால் பகல் தூக்கம் குறைந்தது. ஆகவே, இரத்த அழுத்தத்தையும் உடல் எடையையும் கட்டுப்படுத்துவதை எக்கருவிக்காகவும் கைவிடலாகாது.

நேயர்களே, தம் மூச்சு நிற்பதை உறங்குபவர் அறியமாட்டார்; அருகிலிருப்பவரே அறிவார். உங்கள் வீட்டில் அத்தகையவர் இருந்தால், கேலியை விடுத்து, கண்டதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.