கதைக்களம் ஊர் வந்து சேர்ந்த வரலாறு

கதைப்பின்னல், பாத்திரம், களம், நோக்குநிலை, மொழிநடை என்பன புனைகதையின் அடிப்படைக் கூறுகள். பாடசாலையில் இவற்றை ஐந்து தனித்தனித் தலைப்புகளாகப் படித்தோம். ஆனால் ஒன்று மாறினால் ஏனையவையும் மாறியே தீரும் என்பதை ஈழத்து நாவலின் வரலாறு நமக்குக் கற்பிக்கின்றது.

தமிழின் முதல் நாவலாகக் கருதப்படும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் அச்சில் வந்தது. ஆறு ஆண்டுகளின் பின், 1885இல், கண்டியைச் சேர்ந்த அறிஞர் சித்திலெவ்வையின் 'அசன்பேயுடைய சரித்திரம்' வெளிவந்தது. ஈழத்தவர் எழுதிய முதல் தமிழ் நாவல் என்ற பெருமை அதற்குண்டு. ஆயினும் அதன் நாயகன் பிறப்பது எகிப்தின் கெய்ரோவில், வளர்வது இந்தியாவில். 1895இல் திருகோணமலை தி. த. சரவணமுத்துப்பிள்ளை எழுதிய 'மோகனாங்கி'யின் களமோ நாயக்கர் ஆட்சிக்காலத் தமிழகம்.

எழுதியவர்கள் நம்மவர்கள், கதை நடந்த இடங்கள் பிறருடையவை. இதற்கு நாட்டுப்பற்றின்மை காரணமன்று. கதாநாயகன் உயர்குடியில் பிறந்தவனாக இருத்தல் வேண்டும் என்பது காவிய மரபு விட்டுச்சென்ற எதிர்பார்ப்பு. அத்தகைய பாத்திரத்துக்கு அரண்மனையும் நெடும்பயணமும் தேவைப்பட்டன. பாத்திரமே களத்தைத் தெரிவுசெய்தது என்று சொல்லலாம்.

1914இல் மங்களநாயகம் தம்பையாவின் 'நொறுங்குண்ட இருதயம்' வெளியானபோது நிலைமை மாறியிருந்தது. களம் யாழ்ப்பாணம். கதையின் மையம் கண்மணி என்ற பெண்ணின் மணவாழ்க்கைத் துயரம். கதை வீட்டு முற்றத்துக்கு வந்ததும், வீரசாகசம் பின்னே போய் மனத்துயரமே கதைப்பின்னலாயிற்று.

களம் ஊருக்கு வந்துவிட்டது. ஆனால் ஊரிலுள்ள எல்லோரும் கதைக்குள் வந்துவிட்டார்களா? அதற்கு மேலும் அரை நூற்றாண்டு தேவைப்பட்டது. 1954இல் தோன்றிய இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தைச் சார்ந்தோர், ஒடுக்கப்பட்ட மக்களை அவர்களது பேச்சுமொழியோடு பாத்திரங்களாக்கினர். சிகை அலங்காரத் தொழிலாளியாக வாழ்ந்த டொமினிக் ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்' சிறுகதைத் தொகுதி 1961இல் சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. இத்தகைய எழுத்தை 'இழிசனர் இலக்கியம்' என்று மரபுவாதிகள் சாடினர். 1960களின் தொடக்கத்தில் நிகழ்ந்த அந்த வாதம் மரபுப் போராட்டம் என்று இலக்கிய வரலாற்றில் பதிவாகியுள்ளது. வெளித்தோற்றத்தில் அது மொழிநடை பற்றிய விவாதம். உள்ளே இருந்த கேள்வியோ, யார் கதை மாந்தராகும் தகுதியுடையவர் என்பதே. கே. டானியலின் 'பஞ்சமர்' 1972இல் வெளிவந்தபோது அக்கேள்விக்கு ஒரு முழு நாவலே பதிலாயிற்று.

இதனை நான் நூல்களில் மட்டும் கற்கவில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு பத்திரிகையின் வாரமலரில் உதவி ஆசிரியராக இருந்தேன். யாழ்ப்பாணத்து மூத்தவர் ஒருவர் அனுப்பிய சிறுகதையில் பேரனை அழைக்கும் கிழவி, "என்ர ராசா, கெதியாய் வா" என்பாள். பட்டப்படிப்பு தந்த துணிவில் அதனை, "என் கண்ணே, விரைவாக வா" என்று திருத்தி அச்சுக்கு அனுப்பினேன். மொழியைக் காத்துவிட்டேன் என்ற நிறைவும் எனக்கிருந்தது.

கதை வெளிவந்த வாரம் அவர் காரியாலயத்துக்கு வந்தார். கோபிக்கவில்லை. பத்திரிகையை மேசையில் விரித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, கதை அப்பிடியே இருக்கு. ஆச்சியைத்தான் காணேல்லை."

இரண்டு சொற்களை மாற்றியதாக நான் எண்ணியிருந்தேன். உண்மையில் ஒரு மனுஷியைக் கதையிலிருந்து வெளியேற்றியிருந்தேன். 1960களில் தீர்ந்துபோனதாக நான் நம்பியிருந்த அந்த வழக்கு, என் சிவப்புப் பேனையில் மீண்டும் நடந்திருந்தது. அதன் பின்னர் பாத்திரங்களின் பேச்சில் நான் கைவைத்ததில்லை.