பூட்ஸ் போட்ட காலும் கரிசல் மண்ணும்

மழை ஓய்ந்ததும் கரிசல் காட்டுக்குள் செருப்போடு இறங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பத்து எட்டு வைப்பதற்குள் மண் அப்பிக் கால் கனத்துவிடும். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். என் பெரியப்பாவுக்கு வாய்த்ததோ கழற்ற முடியாத பூட்ஸ்.

மாட்டுவண்டிச் சக்கரம் ஏறியதில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த செயற்கைக் காலுக்கு அடியில் மரப்பாதம். பூட்ஸ் மாட்டினால்தான் நடக்க முடியும். சம்மணம் போட முடியாது, குத்தவைக்க முடியாது, கோயிலுக்குள் நுழைய முடியாது. ஆறே மாதத்தில் அது பரணுக்குப் போனது. பெரியப்பா கம்பு ஊன்றினார். "இவ்வளவு செலவழிச்சுக் கொடுத்ததை வீணாக்கிட்டீரே" என்று டாக்டர் ஏசினாராம். ஏன் கழற்றினீர் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில் டாக்டர் பி.கே. சேத்தி அதைத்தான் கேட்டார். அங்கேயும் விவசாயிகள் கொடுத்த காலை வீட்டில் போட்டுவிட்டுக் கம்போடுதான் வந்தார்கள். வெறுங்காலோடு வயலில் இறங்க வேண்டும், தரையில் உட்கார வேண்டும் என்றார்கள். அதற்கு வழி கண்டதில் பெரும்பங்கு ராம்சந்திர சர்மாவுடையது. சிற்பக்கலைக் குடும்பத்தில் பிறந்த கைவினைஞர், பெரிய படிப்பில்லாதவர். 1960-களின் பிற்பகுதியில் உருவானது ஜெய்ப்பூர் கால். குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் நுண்துளை ரப்பர், கணுக்காலுக்கு மரத்துண்டு. எல்லாவற்றையும் சுற்றி ரப்பர் போர்த்தி, பாத வடிவ அச்சில் வேகவைத்து எடுப்பார்கள். பூட்ஸ் வேண்டாம், தண்ணீரில் நனையலாம், பாதம் வளைந்தும் கொடுக்கும்.

1981-இல் சேத்திக்கு மகசேசே விருது கிடைத்தது. சர்மாவின் பெயரைச் சொன்னால் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கு அது உறுத்தல்தான்.

அதே 1981-இல் திருச்சி அருகே பஸ் விபத்தில் காலை இழந்த சுதா சந்திரன், இந்தக் காலோடு 1984-இல் மேடையேறி ஆடினார். அவர் கதைதான் 'மயூரி' படம்; தியேட்டரில் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டது நினைவிருக்கும். நல்ல சிகிச்சை என்றால் நோயாளியின் தேவையும் விருப்பமும் அதில் நடுவாக இருக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவ அறிஞர்கள் அறிக்கை எழுதியது 2001-இல்.

பெரியப்பாவுக்கு அறுபது தாண்டிய பிறகு ஒரு முகாமில் ரப்பர் கால் கிடைத்தது. மறுநாள் மழை. பருத்திக் காட்டைச் சுற்றிவிட்டு வந்து, தொட்டிப் பக்கம் நின்று, இரண்டு பாதத்திலும் ஒட்டியிருந்த கரிசலைத் தேய்த்துக் கழுவினார். பெரியம்மா தண்ணீர் ஊற்றினாள்.